மூன்றாவது வரிசை நாற்காலி

ஆண்டிமடம் பக்கத்துச் சமுதாயக் கூடம் ஒன்றில் மாதம் ஒரு ஞாயிறு மதியம் எங்கள் கலை அமைப்பு பாட்டோ பறையாட்டமோ நடத்தும். தெருத் தெருவாக அலைந்து ஆள் கூப்பிடுவது என் வேலை. கூப்பிடாமலே வருபவர் ஓர் அம்மா மட்டும்தான். அவருக்கு முந்திரி உடைக்கும் வேலை. கொட்டையின் எண்ணெய் பட்டு விரல் நுனியெல்லாம் கறுத்திருக்கும். மூன்றாவது வரிசையில் தூணோரம் உட்காருவார். பறை முழங்க ஆரம்பித்ததும் தூங்கிவிடுவார்.

எனக்கு எரிச்சலாக வரும். கெஞ்சிக் கூத்தாடி ஆட்டக்காரர்களை அழைத்து வருவது இதற்குத்தானா? ஒருநாள் ஆட்டம் முடிந்ததும் கருத்துப் படிவத்தோடு நேரே அவரிடமே போனேன்.

"இன்னைக்கி நிகழ்ச்சில என்னம்மா புடிச்சுது?"

உட்கார்ந்திருந்த நாற்காலியைத் தட்டிக் காட்டினார். "சேருங்க."

"சேரா?"

"வூட்ல செத்த நேரம் உக்காந்தா ஆளாளுக்கு வேலை சொல்லுவாங்க. ஆட்டம் பாக்கப் போறேன்னு சொல்லிட்டு வந்துட்டா யாரும் கூப்புட மாட்டாங்க. தப்பா எடுத்துக்காதீங்க சார், மோளச் சத்தமும் நல்லாத்தான் இருக்கு."

'கலையால் வாழ்வில் வந்த மாற்றம்' என்று படிவத்தில் ஒரு கட்டம் உண்டு. அதில் என்ன எழுதுவதென்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அடுத்த மாதம் ஆட்டம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகும் அவர் தூங்கிக்கொண்டிருந்தார். மற்ற நாற்காலிகளைச் சத்தமில்லாமல் ஒவ்வொன்றாக அடுக்கினேன். கடைசியில் அவருக்குப் பக்கத்து நாற்காலி ஒன்று மிஞ்சியது. அதை எடுக்கப் போனவன், அதிலேயே உட்கார்ந்துவிட்டேன்.