அடுத்த வீட்டுப் பால்

ஜெர்மன்காரனோடு நடந்த சண்டை முடியப்போகிறது என்று துறைமுகத்தில் எல்லோரும் பேசிக்கொண்டிருந்தபோதுதான் பினாங்கில் விஷக் காய்ச்சல் பரவியது. எனக்குப் பத்தொன்பது வயது, நிறைமாதம். என் கணவர் கப்பலிலிருந்து மூட்டை இறக்குபவர். துறைமுகத்துக்குப் பின்னால் நீளமான ஒரு வீட்டைப் பலகையால் ஆறு அறைகளாகத் தடுத்து, அறைக்கு ஒரு குடும்பமாக இருந்தோம். பக்கத்து அறையில் ஒரு தமிழ் முஸ்லிம் குடும்பம். அந்த வீட்டு அண்ணன் சோறும் கறியும் காவடியில் சுமந்துபோய்க் கப்பல் கூலிகளுக்கு விற்பவர். அவர் மனைவியை நான் அக்கா என்பேன். அக்காவுக்கு ஐந்து மாதப் பெண் குழந்தை.

எனக்குக் காய்ச்சல் கண்ட மறுநாளே வலி எடுத்தது. மலாய்க்கார மருத்துவச்சி வாயில் துணி கட்டிக்கொண்டு வந்தார். ஆண் பிள்ளை. கொடியை அறுத்துத் துடைத்து, என் பக்கத்தில் கிடத்தாமல் அக்காவின் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். இரண்டு நாள் கழித்து என் கணவர் அவரை அழைக்கப் போனபோது, அவரும் படுத்துவிட்டதாகச் சொன்னார்கள். அங்கிருந்து ஆஸ்பத்திரிக்குப் போனார். வராந்தாவிலும் ஆட்கள் கிடந்தார்களாம். அங்கே காயத்துக்குக் கட்டுப் போடும் டிரஸ்ஸர், "இடமே இல்லப்பா. பிள்ளைய தாய்கிட்ட விடாத. அதுக்கு மேல எனக்கே ஒண்ணும் தெரியல" என்றாராம்.

அதனால் பிள்ளை பலகைக்கு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்.

அவன் அழுவது தெளிவாகக் கேட்கும். கேட்டதும் எனக்குப் பால் சுரந்து சேலை நனையும். எழுந்து உட்கார முடியாது. என் கணவர் கொட்டாங்கச்சியில் பாலைப் பீய்ச்சச் சொல்லி, முகத்தைத் திருப்பிக்கொண்டு எடுத்துப்போய்ச் சாக்கடையில் ஊற்றுவார். அந்த நேரத்தில் அந்தப் பக்கம் அழுகை சட்டென்று அடங்கும். அக்கா எடுத்துக்கொண்டுவிட்டாள் என்று தெரியும். நன்றியாகத்தான் இருந்தது. வயிறும் எரிந்தது.

"தங்கச்சி, நல்லா குடிக்கிறான்" என்று பலகை இடுக்கு வழியாகச் சொல்வாள். "எங்க மார்க்கத்துல ஒரே பால் குடிச்சா உடன்பொறப்பு. இனிமே இவன் என் மகளுக்குத் தம்பி."

"என்னைப் போல இருக்கானாக்கா?"

"மூக்கு உன் மூக்குதான். கண்ண இன்னும் சரியா தொறக்கல."

பன்னிரண்டாம் நாள் காய்ச்சல் விட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்துபோய் அவனை வாங்கினேன். மார்பில் போட்டேன். வாயை வைத்தான், இழுத்தான், விட்டுவிட்டுக் கத்தினான். பால் வற்றியிருந்தது. அக்கா கையை நீட்டினாள்.

அதற்கு நான்காம் நாள் அக்காவின் மகளுக்குக் காய்ச்சல். அக்காவுக்கு ஒன்றுமில்லை, அண்ணனுக்கு ஒன்றுமில்லை, என் மகனுக்கும் ஒன்றுமில்லை. அந்தக் குழந்தைக்கு மட்டும். மூச்சு வாங்கும்போது அதன் விலா உள்ளே போய் வந்தது. ஈரத்துணி போட்டோம். துளித்துளியாகத் தண்ணீர் விட்டோம். எங்களுக்கு வேறு எதுவும் தெரியவில்லை. தெரிந்தவர்கள் யாரையும் அழைத்துவரவும் முடியவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் போய்விட்டது. தூக்க ஆள் கிடைக்கவில்லை. அண்ணன் வெள்ளைத் துணியில் சுற்றித் தன் கையிலேயே ஏந்திப் போனார். என் கணவர் பின்னால் நடந்தார்.

அன்று முழுக்க என் மகனுக்குச் சீனன் கடை டின் பாலைக் கரைத்துப் புகட்டினேன். கக்கிவிட்டான். அழ அழ அவன் வாயைப் பொத்தினேன். அந்தப் பக்கம் கேட்கக் கூடாதே என்று.

மறுநாள் காலை அக்கா என் வாசலில் வந்து நின்றாள். ரவிக்கை நனைந்திருந்தது.

"பையன குடு தங்கச்சி. பால் கட்டிக்கிட்டு வலி தாங்க முடியல."

கொடுத்தேன். அங்கேயே உட்கார்ந்து பால் கொடுத்தாள். அவன் தலையைத் தடவவில்லை, கொஞ்சவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முடிந்ததும் என் மடியில் வைத்துவிட்டு எழுந்து போனாள். இப்படியே ஏழு மாதம்.

காய்ச்சல் என்னிடமிருந்து என் மகன் வழியாக அந்தக் குழந்தைக்குப் போனதா? ஊரெல்லாம் இருந்த காய்ச்சல்தானே என்று என் கணவர் சொன்னார். எனக்கு அது போதவில்லை. அக்கா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. நானும் வாய் திறக்கவில்லை.

அடுத்த வருஷம் அவர்கள், படகில் அக்கரைக்குப் போய் அங்கிருந்து ரயிலில், ஈப்போவுக்குப் போனார்கள். படகு ஏறும் இடம்வரை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனேன். அன்றாவது கேட்டுவிட வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே நடந்தேன்.

"ரயிலுக்குத் தண்ணி எடுத்துக்கிட்டீங்களாக்கா?" என்றேன்.

"எடுத்துக்கிட்டேன்" என்றாள். அவன் கன்னத்தை ஒரு விரலால் தொட்டுவிட்டுப் படகில் ஏறினாள்.