வடிவாப் பூட்டிய யன்னல்கள்

எங்கள் வீட்டு மேல்மாடியின் பின்பக்கம் ஒரு பலகை விறாந்தை இருந்தது. வத்தேகம வீதியிலிருந்து மேலேறும் சரிவில், வாசலை மேட்டுப் பக்கம் வைத்துக் கட்டிய வீடு என்பதால் முன்னால் நின்று பார்த்தால் ஒரு மாடி, பின்னால் நின்று பார்த்தால் இரண்டு மாடி. விறாந்தை தூண்களில் நின்றது. தூண்களுக்குக் கீழே பாக்கு மரங்களும் காட்டுச் செடிகளும் வருஷம் முழுவதும் காயாத மண்ணும் இருந்தன. கூரை உண்டு, சுவர் இல்லை. மழை சாய்ந்து அடித்தால் கதிரையைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓட வேண்டும். கண்டி மழை சாயாமல் பெய்து நான் அதிகம் கண்டதில்லை.

இவர், என் வீட்டுக்காரர், கண்டியிலேயே பிறந்தவர். நகரத்தில் துணிக்கடை வைத்திருந்த குடும்பம். இவர் மட்டும் கடைக்குப் போகாமல் கந்தோரில் எழுத்து வேலைக்குப் போனார். நான் யாழ்ப்பாணத்திலிருந்து படிப்பிக்க மாற்றலாகி வந்தவள். நான் கதைப்பேன், இவர் பேசுவார். நான் வாறன் என்பேன், இவர் வர்றேன் என்பார். சந்தையில் மரக்கறிக்காரர் என் தமிழைக் கேட்டு முழித்தால், பக்கத்தில் நின்று மொழிபெயர்ப்பது இவர்தான். முப்பது வருஷமாகியும் அதை நான் திருத்திக்கொள்ளவில்லை. என் தமிழில் என்ன பிழை என்கிற திமிர் எனக்கு இருந்தது. ஊருக்குத்தான் காது கேட்கவில்லை என்று நினைத்தேன்.

ஓய்வு பெற்ற இரண்டாம் வருஷம் இவருக்கு நெஞ்சு வருத்தம் பிடித்தது. சுவாசப்பை கெட்டுப்போய்விட்டது, இனித் திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். பனிக்காற்றுப் படக்கூடாது, வெயில் பட வேண்டும் என்று கிளினிக்கில் சொன்னார்கள். கண்டியில் மார்கழி மாசத்தில் ஒன்று இல்லாமல் மற்றது எங்கே கிடைக்கும்? நாள் முழுக்க அந்த விறாந்தையில் இருந்து பழகிய மனிதர். உள்ளே ஹோலில் கொண்டுவந்து இருத்தினால் சுவரைப் பார்த்துக்கொண்டு, கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார். இருமலைவிட அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. விறாந்தையைச் சுற்றிக் கண்ணாடி போட்டு மூடிவிடுவது என்று நான் முடிவெடுத்தேன். ஆம், முடிவு என்னுடையது. எங்கள் வீட்டில் முடிவெடுக்கிற ஆள் நான்தான்.

திருகோணமலையில் இருக்கும் என் அண்ணா அதற்கு ஐந்து வருஷம் முன்பே தன் வீட்டு விறாந்தையை அப்படி மூடியிருந்தார். கடற்கரைக்குக் கிட்டிய வீடு. உப்புக் காற்று கதவு யன்னலின் இரும்புப் பிணைச்சலையெல்லாம் தின்றுவிடும் என்று திறக்கிற யன்னலே வைக்காமல், அலுமினியச் சட்டத்தில் கண்ணாடியை இறுக்கி, விளிம்பெல்லாம் சிலிக்கன் பசை இழுத்திருந்தார். போனில் பாடம் நடத்தினார்.

"ஒரு ஊசி போற ஓட்டையும் விடப்படாது. காத்து ஒரு இடத்தில நுழைஞ்சால் எல்லாம் பழுதாப் போயிடும். பாஸிட்டைக் குடு, நான் சொல்லுறன்."

பாஸ் என்றது வேலைக்கு வந்தவரை; கைவேலைக்காரரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். மடுல்கெல்ல தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, தச்சு வேலை, அலுமினிய வேலை இரண்டும் பழகி, வத்தேகமவில் குடியிருந்தவர். தனியாகத்தான் வேலை செய்வார். கண்ணாடியைத் தூக்கும்போது மட்டும் என்னை ஒரு கை பிடிக்கச் சொல்வார். அண்ணா சொன்னதையெல்லாம் "சரிங்க ஐயா, சரிங்க ஐயா" என்று கேட்டுக்கொண்டு போனை என்னிடம் தந்தார்.

இவருக்கு அண்ணாவின் திட்டம் பிடிக்கவில்லை.

"அது கடலுங்க, இது மலை. இங்க காத்துல உப்பா இருக்கு? ஈரம்தானே இருக்கு. ரெண்டு ஜன்னலாவது தொறக்கிற மாதிரி வைங்க பாஸ்," என்றார். பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் படமும் கீறிக் கொடுத்தார். சரிவுப் பக்கம் இரண்டு யன்னல், கதிரையில் இருந்தபடியே கையெட்டித் திறக்கிற உயரத்தில்.

வேலை பாதியில் நிற்கும்போது இவருக்கு மூச்சு முட்டி, வார்டில் சேர்க்க வேண்டி வந்தது. நான் காலையும் மாலையும் சாப்பாட்டுக் கரியரோடு பஸ்ஸில் அலைந்தேன். வீட்டுத் திறப்பைப் பாஸிடமே கொடுத்துவிட்டேன். ஒரு நாள் மத்தியானம், வார்டு வாசலில் சனத்துக்குள் நெரிபட்டு நிற்கும்போது அவருடைய போன் வந்தது.

"டீச்சர், ஜன்னல் ரெண்டையும் சட்டத்துல வச்சுட்டேன். இனி என்ன செய்யட்டுங்க?"

பிடியும் பிணைச்சலும் பெட்டியோடு மேசையில் கிடந்தன. அதைப் பொருத்துவதைத்தான் கேட்கிறார் என்று எனக்கு விளங்கியது. காவலாளி வேறு உள்ளே போ என்று கையைக் காட்டிக்கொண்டு நின்றான்.

"ரெண்டையும் வடிவாப் பூட்டிவிடுங்கோ," என்றேன்.

"நல்லா பூட்டிரவாங்க?"

"ஓம், ஓம். வடிவாப் பூட்டுங்கோ."

எங்கள் ஊரில் பல்ப் பூட்டுவோம், சைக்கிளைக் கழற்றிப் பூட்டுவோம், மின்விசிறி பூட்டுவோம். பொருத்துவது என்றால் பூட்டுவது. அந்த மனிதருக்கோ பூட்டுவது என்றால் பூட்டுவதுதான். பொருத்துவதை அவர்கள் மாட்டுவது என்பார்கள். அண்ணா முதலே ஒரு ஓட்டையும் விடாதே என்று வேறு ஓதியிருந்தார். மூளையுள்ள எந்த வேலைக்காரனும் என்ன செய்வானோ அதைத்தான் அவரும் செய்தார். இரண்டு யன்னலையும் சட்டத்தோடு வைத்துத் திருகாணி முடுக்கி, உள்ளேயும் வெளியேயும் சிலிக்கன் இழுத்து, பிடியையும் பிணைச்சலையும் பெட்டியோடு பத்திரமாக அலுமாரியின் மேல் வைத்துவிட்டு, தெல்தெனியாவில் அடுத்த வேலைக்குப் போய்விட்டார்.

இவரை வீட்டுக்குக் கூட்டிவந்த அன்றுதான் நான் பார்த்தேன். உடனே போன் எடுத்துக் கத்தினேன்.

"நீங்கதானே டீச்சர் நல்லா பூட்டச் சொன்னீங்க," என்றார் அவர். குரலில் கோபம் இல்லை, குழப்பம்தான் இருந்தது.

பக்கத்தில் இருந்து கேட்ட இவருக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. "பல்புக்கே பூட்டுப் போடுற ஆளு. ஜன்னல விடுவாளா?" என்று சொல்லிச் சிரித்து, சிரிப்பு இருமலாகி, முதுகைத் தடவிவிட வேண்டியதாகப் போயிற்று. எனக்கு எரிச்சல். வருத்தக்காரனுக்காக அலைந்து திரிந்து செய்த வேலையில் ஒரு சொல் பிழைத்துப்போனது என்று சிரிக்கிறாரே என்றிருந்தது.

பாஸ் அடுத்த கிழமை வந்து வெட்டித் திறந்து தருவதாகச் சொன்னார். ஒரு நாள் வேலைதானாம். நான் அண்ணாவிடம் கேட்டேன்.

"கண்ணாடியை வெட்டப் போனால் வெடிச்சுப் போகும். நல்லதுக்குத்தான் நடந்திருக்கு. பனி ஏறாது. விடு," என்றார் அண்ணா.

நான் விட்டேன். அண்ணா சொன்னதற்காக மட்டும் இல்லை. அந்தப் பாஸ் வந்து என் பிழையை உளியால் கிளறிக்கொண்டு ஒரு நாள் முழுக்க என் முன்னால் நிற்பதை என்னால் தாங்க முடியாது போலிருந்தது. "இருக்கட்டும், இப்போதைக்கு வேண்டாம்," என்று அவருக்குச் சொன்னேன்.

முதல் மாதம் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. மழை கண்ணாடியில் அடிக்க, இவர் கம்பளியைப் போர்த்துக்கொண்டு உள்ளே இருந்து பார்த்தார். வந்தவர்களுக்கெல்லாம் நான் காட்டினேன். பிறகு காலையில் கண்ணாடி வேர்க்கத் தொடங்கியது. பழைய சேலைத் துண்டால் துடைத்துப் பிழிந்தால் கோப்பை கோப்பையாகத் தண்ணீர். கீழே ஈர மண்ணிலிருந்து பலகை வழியாக ஏறும் ஆவிக்கு வெளியே போக வழியில்லை என்பது எனக்கு உறைக்கவில்லை. அதோடு நானும் என் பங்குக்குச் செய்தேன். மழை நாளில் உடுப்புக் காயாத ஊரில் வெயில் விழும் ஒரு கண்ணாடி அறை கிடைத்தால் எந்தப் பெண் சும்மா விடுவாள்? இவருடைய கதிரைக்குப் பின்னால் கயிறு கட்டி ஈர உடுப்பெல்லாம் அங்கேதான் போட்டேன். பின்னேரம் நாலு மணிக்கு ஒரு சட்டி கொதிநீர் கொண்டுவந்து, போர்வையால் மூடி, இவரை ஆவி பிடிக்க வைத்தேன். அதுவும் அங்கேதான். நெஞ்சுச் சளிக்கு நல்லது என்று நினைத்துத்தான் செய்தேன்.

கூரைப் பலகையில் கறுப்புப் புள்ளிகள் வந்தன. ஏணி வைத்து ஏறித் துடைத்தேன். பத்து நாளில் திரும்ப வந்தன. கதிரையின் முதுகுத் துணியிலும் வந்தன. அறை நனைந்த சாக்குப்போல மணத்தது. இவருக்கு இருமல் கூடியது. வருத்தம் முற்றுகிறது என்று நினைத்தேன். வருத்தமும் முற்றத்தான் செய்தது. எது எவ்வளவு என்று இன்றைக்கும் என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"டீச்சர், ஒரு ஜன்னலையாவது தொறந்து தரச் சொல்லேன்," என்று இவர் கேட்டார். வீட்டிலும் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார், அது ஒரு பகிடி.

"பனி ஏறும். சும்மா இருங்கோ," என்றேன்.

இன்னொரு நாள் கேட்டபோது, "டொக்டர் சொன்னதை மறந்திட்டீங்களோ?" என்றேன். பிறகு கேட்பதை விட்டுவிட்டார். கண்ணாடியில் படிந்த ஈரத்தை விரலால் வழித்து ஒரு வட்டம் போட்டு, அதற்குள்ளால் கீழே வீதியில் போகிற பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு இருப்பார்.

இரண்டாம் முறை வார்டில் சேர்த்தபோது இவருக்கு முகமூடி போட்டுத்தான் மூச்சு ஏறியது. ஒரு கிழமை கழித்து வீட்டுக்கு விடுகிற நாளில், இளம் டொக்டர் ஒருவர், யாழ்ப்பாணப் பக்கத்துப் பிள்ளை, தாளில் எழுதிக்கொண்டே கேட்டார்.

"பகல் முழுக்க ஐயா எங்க இருக்கிறவர், அம்மா?"

"விறாந்தையில," என்றேன்.

பொய் சொல்ல வேண்டும் என்று நினைத்துச் சொல்லவில்லை. கண்ணாடி போட்ட பிறகும் நாங்கள் அதை விறாந்தை என்றுதான் சொன்னோம். வேறு பேர் அதற்கு இல்லை. ஆனால் டொக்டரின் முகம் தெளிந்தது.

"அப்ப நல்லம். இவையளுக்குக் காத்தோட்டம்தான் முக்கியம். ஈரமும் பூஞ்சணமும் உள்ள அறையில அடைச்சு வைக்கிறதாலதான் கனபேருக்குக் கூடுறது. அங்கேயே இருக்கட்டும்."

அந்த இடத்தில் நான் வாய் திறந்திருக்க வேண்டும். அது மூடின விறாந்தை டொக்டர், மேலெல்லாம் பூஞ்சணம், நான்தான் மூடினேன் என்று நாலு சொல் சொன்னால் போதும். நாற்பது பிள்ளைகள் இருக்கிற வகுப்பில் தொண்டை கட்டாமல் முப்பது வருஷம் கத்தியவளுக்கு அந்த நாலு சொல் வரவில்லை. இவர் முகமூடியை ஒரு கையால் இறக்கினார்.

"ஆமாங்க டொக்டர். நல்ல காத்து வரும்," என்றார்.

வீட்டுக்கு வர வாடகைக்குப் பிடித்த வானில் அவருடைய காதுக்குக் கிட்டக் குனிந்து, "ஏன் அப்பிடிச் சொன்னீங்கள்?" என்று கேட்டேன்.

"பின்ன? அந்தப் புள்ளைகிட்ட உன்னைய மாட்டிவிடச் சொல்றியா?" என்றார். அதைச் சொல்லி முடிக்க அவருக்கு இரண்டு தரம் மூச்சு வாங்க வேண்டியிருந்தது. நான் அழுதேன். வான்காரர் கண்ணாடியில் பார்த்துவிட்டு ரேடியோவைக் குறைத்தார்.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாகப் பாஸுக்குப் போன் எடுத்தேன். இந்த முறை ஒவ்வொரு சொல்லையும் பார்த்துப் பார்த்துச் சொன்னேன். கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு மறுநாள் காலையிலேயே வந்தார். இவரைக் கட்டிலோடு அறையில் விட்டுவிட்டு, நான் உடுப்புக் கயிற்றை அறுத்தேன், கூரையைத் துடைத்தேன். பாஸ் பசையைக் கீறிக் கீறி எடுத்தார். கண்ணாடி வெடிக்கவில்லை. பிணைச்சல் போட்டு, பிடி போட்டு, இரண்டையும் மெதுவாக வெளியே தள்ளினார். பாக்கு மரப் பக்கத்துக் காற்று உள்ளே வந்தது. என் முகத்தில் பட்டபோதுதான், எத்தனை மாதமாக அந்த அறைக்குள் காற்றே இல்லாமல் இருந்திருக்கிறோம் என்று தெரிந்தது.

பாஸ் வேலையை முடித்துக் கீழே போனார். நான் இவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து யன்னலடியில் அவருடைய கதிரையில் இருத்தி, நானும் ஒரு கதிரையை இழுத்துப்போட்டுப் பக்கத்தில் இருந்தேன்.

"இப்ப சரியோ?" என்று கேட்டேன்.

இவர் கம்பளியைக் கழுத்துவரை இழுத்தார். உதடு நடுங்கியது. காற்றைத் தாங்க அந்த உடம்பில் ஒன்றும் மிச்சம் இருக்கவில்லை.

"குளிருது டீச்சர். சாத்திரு," என்றார்.

நான் எழும்பிப் போய் இரண்டு யன்னலையும் சாத்தினேன். ஐந்தாம் நாள் இவருடைய உயிர் போகும்வரை அவற்றைத் திறக்கவில்லை.