கரெக்ட் அக்காவின் அவசரமில்லாத பிரசவம்

பதினோரு வருடப் பேருந்து நடத்துநர் வாழ்க்கையில் அவள் ஒரே ஒரு நாள்தான் வேலைக்குத் தாமதமாக வந்தாள். ஏழு நிமிடம். முதல் பிரசவ விடுப்பு முடிந்து திரும்பிய நாள் அது. கணவனின் பைக்கில் பின்னால் உட்கார முடியாமல் வீட்டிலிருந்து டிப்போவுக்கு நடந்தே வந்திருந்தாள். "கரெக்ட் அக்கா லேட்டா?" என்று மெக்கானிக் ஒருவர் தன் கைக்கடிகாரத்தைத் தட்டிப் பார்த்தார். அவருக்கு அவளைவிடக் கடிகாரத்தின் மேல்தான் சந்தேகம்.

'கரெக்ட்' என்பது டிப்போ வைத்த பட்டம். பெற்றோர் வைத்த பெயரைச் சம்பளப் பட்டியல் மட்டும் நினைவில் வைத்திருந்தது. வண்டியை நேரத்துக்கு எடுப்பது, நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது. வாழ்க்கையில் இவை தவிர வேறு அறம் உண்டு என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. அதனால் முதல் பிரசவத்தையும் ஒரு டிரிப்பாகவே எடுத்துக்கொண்டாள். "இன்னும் அரை மணியில பொறந்துடும்" என்று யாரோ ஒரு நர்ஸ் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனார். அரை மணி என்றால் உலகத்துக்கு நாற்பது நிமிடமாக இருக்கலாம், ஒரு மணி நேரமாகவும் இருக்கலாம். அவளுக்கு முப்பது நிமிடம். இருபத்தெட்டாவது நிமிடத்தில் தலை பாதி தெரிந்தபோது, இன்னும் இரண்டு நிமிடம் இருக்கிறது என்று சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக் கணக்கிட்டு, இருக்கிற பலத்தையெல்லாம் திரட்டி ஒரே மூச்சில் முக்கினாள். அறையிலிருந்த ஆறு பேரும் "முக்கு, முக்கு" என்று கத்தினார்கள். வாசலில் நின்ற காவலாளியும் தன் பங்குக்குக் கத்தியதாகக் கேள்வி. மகள் குறித்த நேரத்துக்குள் வந்து சேர்ந்தாள். கூடவே ஒரு பெரிய கிழிசலும் வந்து சேர்ந்தது.

அந்தக் கிழிசலுக்குப் போட்ட தையலோடு அவள் பட்ட பாட்டைச் சொன்னால் பக்கம் போதாது. இரண்டு மாதம் ஒருக்களித்தே உட்கார்ந்தாள். தும்மல் வந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு தும்மினாள். கழிவறைக்குப் போவதைப் பரீட்சைக்குப் போவது போலத் தள்ளிப்போட்டாள். வேலைக்குத் திரும்பிய பிறகும் வண்டி பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் கம்பியைப் பிடித்து நுனிக்காலில் எழுந்து நிற்பாள். பயணிகள் அதை மரியாதை என்று நினைத்துப் பதிலுக்கு வணக்கம் வைத்தார்கள்.

ஆகவே இரண்டாவது முறை வயிற்றில் உயிர் தங்கியதும், நாள் முழுக்க டிக்கெட் கிழிப்பதே தொழிலாகக் கொண்ட அந்தப் பெண் ஒரு சபதம் எடுத்தாள். இந்தத் தடவை ஒன்றும் கிழியக் கூடாது.

ஏழாம் மாதப் பரிசோதனையில், கர்ப்பிணிகள் பிரிவின் நர்ஸை நாற்காலியை விட்டு எழவிடாமல் பிடித்துக்கொண்டாள். நர்ஸ் இருபது வருட அனுபவசாலி. மூக்கின் நுனியில் கண்ணாடி போட்டு அதன் மேல்வழியாகப் பார்ப்பவர்.

"கிழியவே கிழியாதுன்னு நான் எழுதித் தர முடியாதும்மா. குழந்தை பெருசா இருக்கலாம், கையை முன்னால நீட்டிக்கிட்டு வரலாம். வாய்ப்பைக் குறைக்கலாம், அவ்ளோதான்."

"குறைங்க. எப்படின்னு சொல்லுங்க."

"குறைக்க வேண்டியது பாதி நீங்க, பாதி நாங்க. முப்பத்தஞ்சாவது வாரத்துலேருந்து கையைச் சுத்தமா கழுவிட்டு, வாசனை இல்லாத எண்ணெய் தொட்டு, பிறப்பு வழியோட கீழ்ப்பக்கத்தைக் கட்டைவிரலால மெதுவா அழுத்தி நீவணும். கீழேயும் ரெண்டு பக்கமும். ஒரு விரற்கடை உள்ளே, ரெண்டு மூணு நிமிஷம். வாரத்துல மூணு நாலு தடவை போதும். லேசா எரியலாம், வலிச்சா நிறுத்திடணும். முதல் பிரசவத்துக்குத்தான் இதுல பலன் அதிகம்னு சொல்றாங்க. ரெண்டாவதுக்குப் பண்ணினாலும் தப்பில்ல, அந்த இழுப்பு உங்களுக்குப் பழகும்."

"அப்புறம்?"

"பிரசவ நேரத்துல மல்லாந்தே கிடக்க வேணாம், பக்கவாட்டுல படுத்துக்கலாம். நாங்க வெதுவெதுப்பான துணி வெச்சுப் பிடிப்போம். தலை வெளியே வர்ற நேரத்துல முக்கவே கூடாது. வாயைத் திறந்து மூச்சை ஊதி ஊதி விடணும். தலை மெதுவா, தானா, வழுக்கிட்டு வரணும். மெதுவா. புரியுதா?"

எண்ணெய் புரிந்தது. துணி புரிந்தது. 'மெதுவா' என்ற சொல்தான் தொண்டையில் முள்ளாக நின்றது. பதினோரு வருடமாக அதை அவள் மற்ற நடத்துநர்களைத் திட்டுவதற்கு மட்டுமே பயன்படுத்தி வந்தாள்.

ஆனாலும் எடுத்த காரியத்தை விடுகிற ஆள் இல்லை. விடுப்பு தொடங்கும் வரை வண்டியிலேயே மூச்சுப் பயிற்சி நடந்தது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் வாயைத் திறந்து "ஹா... ஹா..." என்று ஊதினாள். முன் இருக்கைப் பெரியவர் ஒருவர் பதறிப்போய்த் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். "வேணாம் சார், நான் லேட் ஆகறதுக்குப் பழகிட்டு இருக்கேன்" என்றாள். அவர் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டார்.

எண்ணெய் விஷயத்தில் வயிறு குறுக்கே நின்றது. கை எட்டவில்லை. வேறு வழியின்றி, கனரக வாகன உரிமம் பெற்றவரும் பதினாறு வருடம் விபத்தில்லாமல் ஓட்டியவருமான கணவர் பணியில் அமர்த்தப்பட்டார். நகம் வெட்டி, முழங்கை வரை சோப்புப் போட்டு, அறுவை சிகிச்சைக்குப் போகிறவர் போல இரண்டு கையையும் உயர்த்திக்கொண்டு அறைக்குள் வந்தார்.

"ஏங்க, கியர் போடற மாதிரி இழுக்காதீங்க!"

"நீ சொல்லும்மா, எவ்ளோ அழுத்தணும்?"

"பிரேக்ல காலை வெச்சும் வைக்காம வருவீங்களே, அந்த அளவு."

அது அவருக்குச் சட்டென்று புரிந்தது. எந்த மருத்துவரும் அவருக்கு அதை அவ்வளவு தெளிவாக விளக்கியிருக்க முடியாது.

மாமியாருக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. சாயங்காலம் குளித்ததும் மகனும் மருமகளும் கதவைத் தாழிட்டுக்கொள்வதும், எண்ணெய் பாட்டில் அளவு குறைவதும் அந்த வீட்டில் அவர் கண்ணுக்குத் தப்புமா? மூன்றாம் நாள் கேட்டேவிட்டார். மருமகள் ஒளிக்காமல் சொன்னாள்.

"கருமம்! நானும் மூணு பெத்தேன். ஒரு சொட்டு எண்ணெய் தொட்டதில்ல."

"கிழிஞ்சுதா அத்தை?"

மாமியார் கீரையை ஆய்ந்துகொண்டே இருந்தார். ஒரு கட்டு முழுதும் முடிந்த பிறகுதான் வாய் திறந்தது.

"அதெல்லாம் அப்ப யாரு கேட்டா?" இன்னொரு கட்டை எடுத்தார். "பாட்டில் தீந்துபோச்சுன்னா சொல்லு. கடைப்பக்கம்தான் போறேன்."

வலி ஒரு செவ்வாய்க்கிழமை விடியலில் தொடங்கியது. மூக்குக்கண்ணாடி நர்ஸ்தான் அன்று பிரசவ அறையில் காலைப் பணி. கரெக்ட் அக்காவுக்குப் பாதி பாரம் இறங்கியது. ஆனால் வயிற்றில் இருந்தது அம்மாவைப் போல நேரம் பார்க்கிற பிள்ளை அல்ல. மணி இரண்டு அடித்தது. நர்ஸின் பணிநேரம் முடிந்தது.

"கேஸ் ஷீட்ல எல்லாம் எழுதியிருக்கேம்மா. பக்கவாட்டுப் படுக்கை, வெந்நீர்த் துணி, மெதுவா. மறந்துடாதீங்க" என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

அடுத்து வந்த நர்ஸ் கெட்டவர் அல்ல. ஆனால் நான்கு கட்டிலுக்கும் அவர் ஒருவர்தான். கேஸ் ஷீட்டைப் படிக்க அவருக்கு எங்கே நேரம்? மூன்று மணிக்கு மேல் வந்து பார்த்ததும் கண்கள் விரிந்தன. "தலை கிட்ட வந்துடுச்சு! மல்லாந்து படுங்க, காலைத் தூக்குங்க. ஒரே முக்குல மூணேகாலுக்குள்ள முடிச்சுடலாம். எங்கே, முக்குங்க!"

"முக்கும்மா, முக்கு!" என்று ஆயாவும் சேர்ந்துகொண்டார். மாமியாரும் பழக்க தோஷத்தில் "முக்கு, முக்கு" என்றார். காவலாளியிடம் கெஞ்சி உள்ளே வந்திருந்த கணவர் எதற்கும் இருக்கட்டும் என்று வாயை மட்டும் அசைத்தார்.

உண்மையான ஆபத்து அந்த நால்வரும் இல்லை. கட்டிலுக்கு நேர் எதிரே சுவரில் ஒரு வட்டக் கடிகாரம் மாட்டியிருந்தது. மணி மூன்று பன்னிரண்டு. மூணேகால் என்று சொல்லியாகிவிட்டது. இன்னும் மூன்று நிமிடம். அவள் உடம்பு தானாக மூச்சை அடக்கியது, தாடை இறுகியது, பதினோரு வருடமும் ஒன்றாகச் சேர்ந்து அவளைக் கீழ்நோக்கித் தள்ளப் பார்த்தது. முடியும், மூன்று நிமிடத்தில் முடித்துவிடலாம்.

"ஏங்க! அந்தக் கடிகாரத்தை மூடுங்க!"

கணவர் ஸ்டூலைப் போட்டு ஏறித் தன் காக்கிச் சட்டையைக் கழற்றிக் கடிகாரத்தின் மேல் மாட்டினார். பனியனோடு இறங்கி நின்றார்.

பிறகு அவள் வாயைத் திறந்தாள். மாலை நேரக் கூட்டத்தில் எழுபது பேரைப் படிக்கட்டிலேயே நிறுத்திய குரல் அது. பிரசவ அறை அதற்குச் சின்ன இடம்.

"எல்லாரும் வாயை மூடுங்க! ஒரே வாசல்ல எல்லாரும் ஒண்ணா தள்ளினா கிழியத்தான் செய்யும்! சிஸ்டர், நீங்க மட்டும் பேசுங்க. நான் திரும்பிப் படுக்கிறேன். எனக்கு வெந்நீர்த் துணி வேணும்."

அடுத்த கட்டில் பெண்கூட முனகுவதை நிறுத்தினாள். நர்ஸ் கேஸ் ஷீட்டை எடுத்துப் படித்தார். வயிற்றில் கருவியை வைத்துக் குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்டார்.

"துடிப்பு நல்லா இருக்கு. சரி, உங்க இஷ்டப்படியே. ஆனா இது குறைஞ்சுதுன்னா நான் சொல்றபடிதான் கேக்கணும்."

"அதுக்கு மறுபேச்சு இல்ல சிஸ்டர்."

அவள் இடப்பக்கம் திரும்பினாள். மேல்காலை மாமியார் தாங்கிக்கொண்டார். ஆயா வெந்நீரில் துணியைப் பிழிந்து கொடுக்க, நர்ஸ் அதை வைத்துப் பிடித்தார். வலி வந்தபோது கொஞ்சம் முக்கினாள். போனபோது விட்டாள். தலை தெரிந்தது, உள்ளே போனது, மறுபடி தெரிந்தது. நெருப்பு வளையம் போல எரிந்தது. இதோ இதோ என்று உடம்பு கெஞ்சியது.

"இப்ப முக்காதீங்க. ஊதுங்க."

ஊதினாள். கண்ணில் நீர் வழிய, கட்டில் கம்பியை நசுக்கிப் பிடித்துக்கொண்டு, "ஹா... ஹா..." என்று ஊதினாள். மாமியாரும் காலைத் தாங்கிய கையோடு கூடவே ஊதினார். மூன்று பெற்றபோது ஊதாததையெல்லாம் சேர்த்து ஊதியது போலிருந்தது. நர்ஸின் ஒரு கை துணியின் மேலும், இன்னொரு கை தலையின் மேலும் அசையாமல் இருந்தன. நெற்றி வந்தது. மூக்கு வந்தது. தாடை வந்தது. எவ்வளவு நேரம் ஆயிற்று என்று அந்த அறையில் யாருக்கும் தெரியாது.

"அடுத்த வலியில லேசா, இருமற அளவுக்கு."

பையன். மூன்று கிலோ நானூறு கிராம். அம்மாவின் மார்பில் கிடந்து ஊரைக் கூட்டினான்.

அவள் இன்னும் சிரிக்கவில்லை. "சிஸ்டர், பாருங்க" என்றாள்.

நர்ஸ் விளக்கை இழுத்துக் கீழே திருப்பினார். நேரம் எடுத்துக்கொண்டு பார்த்தார்.

"ஒரு சின்னச் சிராய்ப்பு. தானே ஆறிடும். தையல் வேணாம்."

"பின்பக்கம்?"

"பின்பக்கமும் பாத்துட்டேன்மா."

"கோவிச்சுக்காதீங்க, இன்னொரு தடவை பாருங்க."

நர்ஸ் இன்னொரு தடவை பார்த்தார். டிக்கெட் பரிசோதகர் வண்டியில் ஏறினால்கூட அவ்வளவு கறாராக இருக்க மாட்டார். "ஒண்ணும் கிழியலம்மா. போதுமா?"

ஒரு மணி நேரம் கழித்து மாமியார் இரண்டு தலையணையோடு வந்தார். சாய்ந்து படுக்க ஒன்று, உட்காரும்போது அடியில் வைக்க ஒன்று. மருமகள் முதலாவதை வாங்கிக் குழந்தையின் கீழே வைத்துக்கொண்டாள். இரண்டாவதை வேண்டாம் என்று தள்ளினாள். பிறகு கையை ஊன்றி, மெல்ல எழுந்து, அந்தக் கட்டிலின் மேல் நேராக, இரண்டு பக்கமும் சமமாக உட்கார்ந்தாள்.