சுந்தரேஸ்வரி அக்கா பெயர் சொன்ன நாள்

ஜேர்மனியின் ஹம் நகரில் எங்கள் முதியோர் இல்லத்துச் சலவைப் பகுதியில் சுந்தரேஸ்வரி அக்காவும் நானும் பதினான்கு வருடங்களாக ஒரே மேசையில் துணி மடிக்கிறோம். இத்தனை காலத்தில் அவர் தன் கணவரின் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. நான் என்ன, அந்த மனுசனே கேட்டதில்லை. கல்யாணமாகி முப்பத்து மூன்று வருடம்.

பெயரைச் சொன்னால் கணவரின் ஆயுள் குறையும் என்பது அக்காவின் எண்ணம். நான் மன்னார்க்காரி, வேதக்காரி. என் மனுசனை ஒரு நாளைக்கு நூறு தரம் "டெனிஸ்டன்" என்று கூப்பிடுகிறேன், அதில் எண்பது தரம் ஏசத்தான். அவர் நல்ல சுகமாக, தொந்தியும் வைத்து, வாட்டசாட்டமாக இருக்கிறார். இதை அக்காவிடம் சொன்னால், "உங்கட ஆக்களுக்கு அது பலிக்காது வெரோனிக்கா" என்று ஒரே வரியில் கதையை முடித்துவிடுவார்.

அக்காவின் கணவருக்கு வாய்த்த பெயரும் லேசுப்பட்டதில்லை. தம்பித்துரை. பின்பாதியைச் சொல்லாமல் இருந்துவிடலாம், முன்பாதியை என்ன செய்வது? எங்கள் சனத்துக்கு இளையவன் எவனைக் கண்டாலும் தம்பிதான். கடையில் நிற்பவன் தம்பி, ரயிலில் இடம் விடுகிறவன் தம்பி. அக்காவுக்கு அந்தச் சொல்லும் கூடாது. ஆகவே உலகத்துப் பெடியன்கள் எல்லோரும் அவருக்கு "ராசா". கூடப் பிறந்த தம்பியே ராசாதான்.

ஊன்ட்றொப் அம்மன் கோயிலில் அர்ச்சனை செய்யப் போனால் நட்சத்திரத்தை மட்டும் சொல்வார், பெயரை ஐயரே போட்டுக்கொள்வார். மற்ற இடங்களுக்கு, கைப்பையில் ஓர் அட்டை இருந்தது. அதில் கணவரின் பெயர், பிறந்த திகதி, விலாசம் எல்லாம் மகள் ஆதிரை எழுதிக் கொடுத்தவை. டொக்டரிடமும் அலுவலகங்களிலும் கேட்டவுடன் எடுத்து நீட்டுவார். ஜேர்மன்காரருக்கு எழுத்தில் இருக்கிற எதற்கும் தனி மரியாதை. ஏன் வாயால் சொல்லவில்லை என்று ஒருவரும் கேட்டதில்லை.

அந்த ஆதிரைதான் இருபத்திரண்டாவது வயதில், தாதியாக அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி முடித்த கையோடு, ஜேர்மன் இராணுவத்தில் மருத்துவப் பிரிவுக்கு எழுதிப் போட்டாள். கடிதம் வந்த அன்றைக்குத்தான் வீட்டில் சொன்னாள். தகப்பன் எழும்பிப் பல்கனிக்குப் போய், ஒரு மணி நேரம் மிளகாய்க் கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றினார். கீழ் வீட்டுக்காரி வந்து மணி அடித்த பிறகுதான் நிறுத்தினார். உள்ளே வந்து, "போறதெண்டாப் போ. என்னை அங்க கூப்பிடாதை" என்றார்.

அவரை நான் குறை சொல்லமாட்டேன். ஊரில் யுத்த காலத்தில் ஆமிக்காரர் ஒரு சோதனைச் சாவடியில் பெயர் கேட்டார்கள், சொன்னார், பிடித்துப் போனார்கள். அவர்கள் தேடியது வேறொரு தம்பித்துரையை. அது தெரிய வரப் பதினொரு நாள் ஆனது. அந்தப் பதினொரு நாளைப் பற்றி அவர் யாருக்கும் சொன்னதில்லை. ஆனால் அதற்குப் பிறகு சீருடை போட்ட எவனுக்கும் அவர் தன் பெயரை வாயால் சொன்னதில்லை. இங்கே ரயிலில் ரிக்கெற் பார்க்க வருகிறவருக்கும் பேசாமல் அட்டையை நீட்டுவார். புருசனும் பெண்சாதியுமாக ஒரு பெயரை இப்படிப் பூட்டி வைத்திருந்தார்கள்.

ஆனால் அங்கே இராணுவத்தில், அந்தப் பெயரைப் பூட்டி வைக்க ஆளில்லை. ஜேர்மன் வழக்கப்படி ஆதிரைக்குத் தகப்பன் பெயர்தான் குடும்பப் பெயர், இராணுவத்தில் குடும்பப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். தம்பித்துரை அவர்கள் நாக்கில் நிற்கவில்லை. இரண்டாம் நாளே பாதியாக வெட்டிவிட்டார்கள். "எல்லாரும் என்னைத் தம்பி எண்டுதான் கூப்பிடுகினம் அம்மா" என்று அவள் ரெலிபோனில் சொன்னபோது அக்கா துடித்துப் போனார்.

"விடியக் காலமை அஞ்சு மணிக்கே அவற்ற பேரைச் சேத்துக்குள்ள போட்டு உழக்கினம்" என்று என்னிடம் முறையிட்டார். நான் ஒரு தலையணை உறைக்குள் முகத்தை வைத்துச் சிரித்தேன்.

மார்ச் மாதம் சத்தியப்பிரமாண நிகழ்வுக்கு அழைப்பு வந்தது. ஆதிரை தன் குடும்பப் பெயரைப் போட்டு, இரண்டு பேர் என்று பதிந்திருந்தாள். தகப்பன் அன்றைக்கு முதுகு நோ என்று படுத்துக்கொண்டார். அந்த இடத்துக்குத்தான் நான் போனேன். அக்கா கூறைச் சேலைக்கு மேல் தடித்த குளிர்ச் சட்டை போட்டுக்கொண்டு, மடியில் பெரிய எவர்சில்வர் பெட்டியோடு என் வாகனத்தில் ஏறினார். பெட்டிக்குள் அறுபது மிதிவெடி.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ரோல்ஸுக்குள் இறைச்சியோடு அவித்த முட்டையும் வைத்துப் பருமனாகச் சுருட்டிப் பொரித்தால், அதற்கு எங்கள் ஆட்கள் வைத்த பெயர் மிதிவெடி, நிலத்தில் புதைக்கிற கண்ணிவெடியின் பெயர். யுத்த காலத்தில் எந்தப் பகிடிக்காரன் வைத்தானோ தெரியாது, நிலைத்துவிட்டது. நெடுஞ்சாலையில் போகும்போதே நான் அக்காவுக்குச் சொன்னேன்: "அக்கா, காம்ப் வாசல்ல ஆரும் கேட்டா, இதின்ர பேரை மட்டும் சொல்லிப் போடாதேங்கோ."

"எனக்கு விசரே?" என்றார் அக்கா.

இராணுவ முகாமின் வாசலில் அவரை இறக்கிவிட்டு, தூரத்து விளையாட்டு மைதானத்தில் வாகனம் நிறுத்தப் போனேன். போன பிறகுதான் பார்த்தேன், அவருடைய கைப்பை பின் இருக்கையில் கிடந்தது. அடையாள அட்டை, கண்ணாடி, கணவர் பெயர் எழுதிய அட்டை எல்லாம் அதற்குள். அக்காவின் கையில் ரெலிபோனும் அறுபது மிதிவெடியும்தான். இனி நடந்ததை அக்காவும் சொன்னார், வாசலில் காவல் நின்ற பெடியனும் சொன்னான். இரண்டு பேர் கதையும் ஒத்துத்தான் இருந்தது.

"யாரைப் பார்க்க வந்தீர்கள்?" என்று காவல்காரப் பெடியன் கேட்டான்.

"ஆதிரையை."

"குடும்பப் பெயர்?"

அக்கா கைப்பையைத் தேடினார். இல்லை. சொல்லக் கூடாது என்று அவனுக்கு விளங்கப்படுத்தப் பார்த்தார். எங்கள் "கூடாது"க்கு ஜேர்மன் மொழியில் அவருக்கு அகப்பட்ட சொல் "அனுமதியில்லை" என்பதுதான். ஆக, ஓர் இராணுவ முகாமின் வாசலில் நின்று, "அந்தப் பெயரைச் சொல்ல எனக்கு அனுமதியில்லை" என்றார்.

பெடியன் நிமிர்ந்தான். "யார் தடுத்தது?"

அக்கா நேர்மையாக யோசித்துப் பார்த்தார். "எங்கள் ஆட்கள்" என்றார்.

"பெட்டிக்குள் என்ன?"

"சாப்பாடு."

"என்ன சாப்பாடு?"

"அதன் பெயரையும் சொல்ல அனுமதியில்லை. அதை வெரோனிக்கா தடுத்திருக்கிறா."

"வெரோனிக்கா யார்?"

"என்னை இங்கே இறக்கிவிட்டுப் போனவ."

பெடியன் ஓரடி பின்னுக்கு வைத்து, உள்ளே ரெலிபோன் எடுத்தான். ஒரு பெல்ட்வேபல், அதாவது சார்ஜன்ட், வந்தார், ஐம்பது வயது மதிக்கத்தக்க, அகன்ற, பொறுமையான மனிதர். பெட்டியைத் திறந்து காட்டச் சொன்னார். அக்கா திறந்தார். மிளகும் கறுவாவும் கலந்த வாசம் எழும்பியது. பெல்ட்வேபல் குனிந்து பார்த்து, அதில் பாதுகாப்புப் பிரச்சினை இல்லை என்று அறிவித்தார்.

ஆனால் பெயர் பெயர்தான். பட்டியலில் நூற்று முப்பத்திரண்டு பேர், எல்லாம் குடும்பப் பெயர் வரிசையில், முதற் பெயருக்கு ஓர் எழுத்து மட்டும். அந்த எழுத்தில் பதினேழு பேர் இருந்தார்கள். பட்டியலைக் காட்டுங்கள், விரலை வைக்கிறேன் என்றார் அக்கா. தனிநபர் தரவுப் பாதுகாப்பு, காட்ட முடியாது என்றார் அவர். ஆதிரையின் ரெலிபோன் அலுமாரிக்குள் பூட்டிக் கிடந்தது. பத்து ஐம்பதுக்கு வாசல் சாத்திவிடுவார்கள், பதினொரு மணிக்குச் சத்தியம். அப்போது பத்து நாற்பத்து மூன்று.

உள்ளே வாத்தியக்காரர் சுருதி பார்க்கத் தொடங்கினார்கள். மற்றத் தாய் தகப்பன்மார் பூங்கொத்தும் கமராவுமாகப் பக்கத்தால் போய்க்கொண்டிருந்தார்கள். தன் பிள்ளை தலையைத் திருப்பிப் பார்க்கும்போது இத்தனை சனத்துக்குள் அவளுடைய ஆள் ஒருத்தரும் இருக்கப் போவதில்லை என்று அக்கா நினைத்துப் பார்த்தார். வீட்டுக்கு ரெலிபோன் எடுத்து, எல்லோரும் கேட்கும்படி வைத்தார்.

"இஞ்சருங்கோ. உங்கட பேரை ஒருக்கால் இவைக்குச் சொல்லுங்கோ."

"ஆருக்கு?"

"வாசல்ல நிக்கிற பிள்ளையளுக்கு."

"ஆமிக்கோ?"

"ஓம். சொன்னாத்தான் என்னை உள்ள விடுவினம். பிள்ளை தனிய நிக்கிறாள்."

மிகவும் தணிந்த குரலில், "ஏலாதப்பா" என்றார் அவர். "என்னால ஏலாது."

இந்த இடத்தில்தான் நான் கைப்பையோடு வீதியின் மறுகரைக்கு ஓடி வந்துவிட்டேன். எதிரே அக்கா பெட்டியை நிலத்தில் வைப்பதைக் கண்டேன். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினார். நான் வாய் திறக்கும் முன்னர் அவர் திறந்துவிட்டார்.

"தம்பித்துரை!"

மூன்று வாகனங்கள் போய்க்கொண்டிருந்த வீதியைத் தாண்டி அது எனக்குக் கேட்டது. நான் அப்படியே நின்றுவிட்டேன். சலவை யந்திரச் சத்தத்துக்கு மேலால் கூடக் குரலை உயர்த்தாத மனுசி.

"ஆதிரை தம்பித்துரை! என்ர மகள். தம்பித்துரையின்ர மகள்!"

கையிலிருந்த ரெலிபோனுக்குள்ளிருந்து, வகுப்பில் பெயர் கூப்பிட்ட பிள்ளையைப் போல, அந்த மனுசன் பதில் சொன்னார்: "ஓம்."

அவருக்கு அந்தப் பெயர் அந்தக் குரலில் அதுவரை வந்ததே இல்லை. வேறு என்ன சொல்லுவார் பாவம்.

காவல்காரப் பெடியனின் முகம் மலர்ந்துவிட்டது. "தம்பி! நீங்கள் எங்கள் தம்பியின் அம்மாவா?" இருபது கிலோமீற்றர் நடையில் தன் குதிக்காலுக்கு மருந்து கட்டி, தன் பையையும் சேர்த்துத் தூக்கி வந்தது தம்பிதான் என்று சப்பாத்தைக் கழற்றிக் காட்டவே வெளிக்கிட்டான். பெல்ட்வேபல் அவனை அடக்கினார். நான் மூச்சிரைக்கக் கொண்டுபோய்க் கொடுத்த அடையாள அட்டையை வாங்கிப் பார்த்து, மறுபடி புருவத்தை நெரித்தார். அதில் குமாரசாமி என்று இருந்தது.

"இது யார்?"

"என் அப்பா" என்றார் அக்கா. "அவருடைய பெயரை எத்தனை தரமும் சொல்லலாம்."

பெல்ட்வேபல் நல்ல மனிதர். அதற்குமேல் கேட்கவில்லை. பட்டியலில் அடையாளம் போட்டுவிட்டு, இன்னும் துண்டிக்காமல் இருந்த ரெலிபோன் பக்கம் குனிந்து, "காலை வணக்கம், திருவாளர் தம்பித்துரை அவர்களே. உங்கள் மகளையிட்டு எங்களுக்கு மகிழ்ச்சி" என்றார். உச்சரிப்பில் ஓர் எழுத்தும் பிசகவில்லை. அந்தப் பக்கமிருந்தும் ஜேர்மன் மொழியில் காலை வணக்கம் வந்தது.

உள்ளே போகும் வழியில் அக்காவிடம், கோவத்திலா சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"கோவந்தான். அவரில இல்லை. அந்தப் பேருக்காக அவரைப் பதினொரு நாள் அடைச்சு வைச்சவங்களில. அந்தப் பேர் என்ன பிழை செய்தது வெரோனிக்கா? நானும் எல்லே அதை ஒளிச்சு வைச்சிருந்தனான்" என்றார். கண் சிவந்திருந்தது, நடை மட்டும் நிமிர்ந்த நடை. எனக்கு அவரை அந்த இடத்திலேயே கட்டிப்பிடிக்க வேண்டும் போலிருந்தது. பெட்டி இடைஞ்சலாக இருந்தது.

நாங்கள் போய்க் கதிரையில் இருக்கவும் வாத்தியம் முழங்கவும் சரியாக இருந்தது. நூற்று முப்பத்திரண்டு பேர், ஒரே உடுப்பு, ஒரே தொப்பி, ஒரே நிமிர்வு. அக்கா ரெலிபோனில் கமராவைப் போட்டு உயர்த்திப் பிடித்தார். முகாமுக்குள் கால் வைக்கமாட்டேன் என்றவர், ஹம்மில் கட்டிலில் இருந்தபடி கண்ணை வைத்தார். சத்தியம் சொல்லி முடிந்தது. சனம் எழும்பிக் கைதட்டியது.

"எங்கட பிள்ளை எது?" என்று ரெலிபோன் கேட்டது. "எல்லாம் ஒரு மாதிரிக் கிடக்கு."

எனக்கும் தெரியவில்லை. அக்காவுக்குத் தெரிந்தது.

"முன்னுக்கு ரெண்டாவது வரிசை, இடப்பக்கம் நாலாவது. வடிவாப் பாருங்கோ. உங்கட பேரை நெஞ்சில போட்டுக்கொண்டு நிக்கிறாள்."

அங்கிருந்து மூக்கைச் சிந்துகிற சத்தம் மட்டும், நின்று நின்று, எங்கள் வரிசை முழுவதற்கும் கேட்டது. பக்கத்திலிருந்த ஜேர்மன்காரி திரும்பிப் பார்த்தாள். அக்கா அவளுக்கு நல்ல ஜேர்மனில், தலையை நிமிர்த்திச் சொன்னார்:

"தம்பித்துரை. என் கணவர். அவருக்குச் சளித் தடிமன்."