கடன் தீரும்வரை இருந்தேன்

என் கல்விக்கடன் தள்ளுபடியாக வேண்டும் என்பதற்காக ஒரு குடும்பத்தைப் பொய் சொல்லித் தடுத்து வைத்தேன். நான் செய்தது இதுதான்.

சட்டப்படி நான் எந்தக் குற்றமும் செய்யவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன். அதுதான் இத்தனை காலமும் எனக்கு வசதியாக இருந்தது!

நீங்களும் ஆசிரியப் படிப்பை முடிக்கும் தறுவாயில் இருந்தால் இந்தத் தள்ளுபடிகளைப் பற்றி அறிந்திருப்பீர்கள். உரிய காலத்தில் படிப்பை முடித்தால் கடனில் ஒரு பங்கு குறையும். நான் கணிதத்தில் ஒருமுறை தவறினேன். ஒரு பருவம் பிந்தியது. அந்த வழி அடைபட்டது. மிஞ்சியது வடக்கு. நோர்வேயின் வடகோடியில் குடியிருந்து அங்கேயே வேலையும் செய்தால், ஆண்டுதோறும் கடனில் ஒரு பகுதியை அரசு அழித்துவிடும்.

நான் ஒஸ்லோவின் ஸ்டோவ்னரில் பிறந்து வளர்ந்தவள். வடக்கை வரைபடத்தில் மட்டுமே பார்த்திருந்தேன். ஆனாலும் போனேன். ‘சேவைக்குப் போகிறாள்’ என்று அம்மா மாதா கோயிலில் எல்லோரிடமும் சொன்னார். நான் திருத்தவில்லை.

அது ஒரு மீன்பிடி ஊர். ஒரு துறைமுகம், ஒரு மீன் தொழிற்சாலை, ஒரு கடை, ஒரு சிறிய பள்ளிக்கூடம். அந்தத் தொழிற்சாலையில் மீன் வெட்டிக்கொண்டிருந்தவர்கள்தான் அன்ரன் அண்ணாவும் ஜெசிந்தா அக்காவும். மன்னாரிலிருந்து வந்தவர்கள். அவர்களுடைய ஒரே மகள் மெர்லின் என் வகுப்பில் படித்தாள்.

தமிழ் ஆசிரியை ஒருத்தி வந்திருக்கிறாள் என்று அறிந்த அன்றே ஜெசிந்தா அக்கா சோறும் மீன்குழம்புமாக என் கதவைத் தட்டினார். அதன்பின் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் தனியாகச் சாப்பிட்டதே இல்லை. சூரியனே எழாத இருட்டு மாதங்களில் அந்த வீடு இல்லாவிட்டால்... நான் ஓடி வந்திருப்பேன்.

இரண்டாம் ஆண்டு வசந்த காலத்தில் அன்ரன் அண்ணாவின் தம்பி ஒஸ்லோவிலிருந்து அழைத்தார். ஹவுகெட்டோவில் தன் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு வீடு வாடகைக்கு வருகிறது, தான் வேலைசெய்யும் இடத்தில் அண்ணனுக்கும் வேலை இருக்கிறது, உடனே முடிவு சொல்ல வேண்டும் என்றார். அவர்கள் என்னிடம் ஆலோசனை கேட்டார்கள்.

“நீங்கள் படிச்சனீங்கள் ரீச்சர். நீங்களே சொல்லுங்கோ” என்றார் ஜெசிந்தா அக்கா.

இங்கே ஒன்றை நீங்கள் அறிய வேண்டும். அப்போது எங்கள் பள்ளியை அடுத்த ஊர்ப் பள்ளியோடு சேர்த்துவிடும் பேச்சு நடந்துகொண்டிருந்தது. இன்னும் ஒரு பிள்ளை குறைந்தாலும் பேச்சு முடிவாகிவிடும் என்று பள்ளி அதிபர் எங்களிடம் சொல்லியிருந்தார். ஆசிரியர்களில் கடைசியாக வந்தவள் நான். வேலை போனால் முதலில் போவதும் என்னுடையதுதான். என் கடனோ அப்போதுதான் குறையத் தொடங்கியிருந்தது.

இன்னொன்றும் உண்டு. இதைத்தான் எழுதக் கை கூசுகிறது.

மெர்லினுக்கு வாசிப்பதில் சிக்கல் இருந்தது. சொல்லின் முதல் எழுத்தைப் பார்த்து மீதியை ஊகித்துவிடுவாள். ஊகம் பிழைத்தால் சிரித்துச் சமாளிப்பாள். அது சோம்பல் அல்ல, மந்தமும் அல்ல. நிபுணர் ஒருவர் சோதித்துப் பார்க்க வேண்டிய சிக்கல் என்று எனக்குத் தெரியும். படித்தவள் அல்லவா நான்! ஒஸ்லோவில் அந்த உதவி எளிதில் கிடைத்திருக்கும். எங்கள் ஊருக்கு நிபுணர் எப்போதாவதுதான் வருவார். அவருக்கு நான் ஒரு வரி எழுதியிருந்தால் போதும். எழுதினால், ‘பெரிய இடத்துக்குப் போவது நல்லது’ என்று அவர் சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். எழுதவில்லை.

அன்று மேசையில் நான் சொன்னது இதுதான்: “ஒஸ்லோவிலை வகுப்பு நிறையப் பிள்ளையள். இவளை ஆர் கவனிக்கப் போகினம்? நான் இஞ்சை இருக்கிறன்தானே. நான் பாத்துக்கொள்ளுவன்.”

“எவ்வளவு காலத்துக்கு ரீச்சர்?” அன்ரன் அண்ணா கேட்டார். அவர் அதிகம் பேசாதவர்.

“இவள் பெரிய பள்ளிக்கூடம் போகுமட்டும்.” எட்டாம் வகுப்பைச் சொன்னேன்.

“அப்ப சரி” என்று எழுந்துபோய்த் தம்பிக்கு அழைத்தார். வரவில்லை என்று சொன்னார். தம்பி கோபித்துக்கொண்டு தொலைபேசியை வைத்தது எனக்கும் கேட்டது.

அவளுக்கு நான் ஒன்றும் செய்யவில்லையா? செய்தேன். பள்ளி முடிந்தபின் அவளோடு அமர்ந்து வாசித்தேன். உண்மையாகவே அன்பு வைத்தேன். ஆனால் அன்பு வைத்ததைச் சொல்லி உங்களிடம் தப்பிக்க நான் விரும்பவில்லை.

கடன் ஆண்டுக்காண்டு கரைந்தது. எஞ்சியதை நானும் மிச்சம்பிடித்துக் கட்டினேன். அந்த ஊரில் காசு செலவழிக்க இடமேது! மெர்லின் ஐந்தாம் வகுப்புக்கு வந்தபோது என் கடன் கணக்கு பூச்சியமாயிற்று. அந்த மாதமே வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்தேன்.

அவர்களிடம் என்ன சொல்வது? “அம்மாவுக்குக் கடும் வருத்தம், படுத்த படுக்கை” என்றேன். ஜெசிந்தா அக்கா என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். மெர்லின் அழவில்லை. “பெரிய பள்ளிக்கூடம் போகுமட்டும் எண்டு சொன்னனீங்கள்” என்றாள்.

எனக்குப் பின் வந்த ஆசிரியர்கள் ஒருவரும் நிலைக்கவில்லை. பிறகு பள்ளியையும் மூடினார்கள். அன்ரன் அண்ணா குடும்பம் தெற்கே ஒஸ்லோவுக்கு வந்தபோது தம்பி சொன்ன அந்த வீடும் இல்லை, அந்த வேலையும் இல்லை. தம்பியோடு பேச்சும் இல்லை. இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அந்தக் காலத்தில் நான் ஒஸ்லோவில், ட்வெய்ட்டாவில் சொந்தமாக வீடு வாங்கியிருந்தேன். கல்விக்கடன் இல்லாதவளுக்கு வங்கி தயங்காமல் வீட்டுக்கடன் கொடுத்தது.

சென்ற ஆண்டு தமிழ்த் திருப்பலி முடிந்து மண்டபத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். “ரீச்சர்!” என்று ஒரு குரல். ஜெசிந்தா அக்கா! சற்றுத் தள்ளி, என்னைவிட உயரமாக, மெர்லின். தலையை அசைத்துவிட்டுத் தொலைபேசிக்குத் திரும்பிவிட்டாள்.

ஜெசிந்தா அக்கா என் பக்கத்தில் நின்ற அம்மாவின் கைகளைப் பற்றினார். “இவாதானே அம்மா? உங்களுக்காக நாங்கள் அங்கை ஒவ்வொரு நாளும் செபமாலை சொன்னனாங்கள். இப்ப சுகமே?”

அம்மா என்னைப் பார்த்தார். வாழ்நாளில் ஒருநாளும் ஆஸ்பத்திரியில் படுத்தறியாத என் அம்மா!

“ஓம் பிள்ளை. இப்ப பரவாயில்லை” என்றார்.

ஸ்டோவ்னர் போகும் ரயிலில் அம்மா என் எதிரே அமர்ந்தார். பிறகு கேட்டார்: “எனக்கு என்ன வருத்தமெண்டு சொன்னனீ?”

“இருதயம்...”

அம்மா யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்குப் பிறகு அதைப் பற்றி ஒருநாளும் கேட்டதில்லை. ‘சேவை’ என்ற சொல்லையும் அவர் வாயிலிருந்து நான் கேட்கவில்லை.

உண்மையை ஜெசிந்தா அக்காவிடம் சொல்ல வேண்டும் என்று பலமுறை எண்ணினேன். சொன்னால் யாருக்கு ஆறுதல்? அவருக்கா, எனக்கா? இப்படிக் கேட்டுக்கேட்டே சொல்லாமல் இருந்துவிட்டேன். கோழைத்தனத்துக்குக் கேள்விகள் நல்ல துணை.

போன கிழமை அவரே அழைத்தார்.

“ரீச்சர், மெர்லினை ஒரு நிபுணர் மனுசி பாத்தவா. சின்னனிலையே கொண்டுவந்திருந்தால் பிள்ளை இவ்வளவு கஷ்டப்பட்டிருக்காதாம். அங்கை ஒருத்தரும் கவனிக்கேல்லையோ எண்டு கேட்டவா. எனக்குக் கோவம் வந்திட்டுது. அங்கை எங்கடை ரீச்சர் ஒராள் இருந்தவா, அவ இல்லாட்டி பிள்ளைக்கு இந்தளவும் வந்திராது எண்டு சொல்லிப்போட்டன். நான் சொன்னது சரிதானே?”

“ஓம் அக்கா” என்றேன். “சரிதான்.”