படத்தில் இல்லாமல் போன வெடிப்பு

குண்டசாலையிலிருந்து தினமும் பஸ்ஸில் நெரிபட்டுக் கண்டிக்கு வேலைக்கு வருகிறவள் ஸுமைரா. பேராதனையில் புவியியல் படித்தவள். ட்ரோன் எடுத்துத் தரும் படங்களைக் கணினியில் ஒட்டி ஒரே நிலப்படமாக்கி, சுருக்கிக் கொடுப்பது ஒரு தனியார் நிறுவனத்தில் அவள் வேலை. சுருக்குவதில் இரண்டு வகை உண்டு. ஒன்றில், விரித்தால் எடுத்த படம் அப்படியே திரும்பி வரும். ஃபைல் பெரிதாகத்தான் இருக்கும். மற்றதில், கண் கவனிக்காது என்று கணினி கழிப்பதெல்லாம் போனது போனதுதான். மலைச்சரிவுப் படங்களுக்கு இரண்டாவது வகையை அவள் தொடவே மாட்டாள்.

பெருமழைக்குப் பிறகு ஒரு தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர் வரிசையாகக் குடியிருக்கும் லயத்துக்கு மேலே எடுத்த படத்தில், புல்மேட்டில் மயிர் போல ஒரு கோடு வளைந்து போவதைக் கண்டாள். நில வெடிப்பு. அதைச் சொல்லித்தான் மேலதிகாரி திருச்செல்வத்திடம் படத்தைக் கொடுத்தாள்.

கொஞ்ச நாளில் அந்த லயத்துப் பேச்சியம்மா அலுவலகத்துக்கே வந்துவிட்டாள். மழைக்குப் பயந்து பாடசாலை மண்டபத்தில் தங்கியிருந்தவர்களில் ஒருத்தி.

"படத்துல வெடிப்பே இல்லையாம் மிஸ். வீட்டுக்குத் திரும்பிப் போங்கன்னு கூட்டத்துல அதிகாரிங்க சொல்லிட்டாங்க. எங்க வீட்டுக்கு மேல இருக்குற வெடிப்புல என் கையே உள்ள போகுது. நாங்க என்ன, பொய்யா சொல்றோம்?"

கூட்டத்தில் காட்டிய படத்தை ஸுமைரா திறந்து பார்த்தாள். கோடு இருந்த இடத்தில் ஈரத்துணியால் துடைத்துவிட்டாற்போல வெறும் பச்சை மழுங்கல். நேரே திருச்செல்வத்தின் அறைக்குப் போனாள்.

"ஓம், நான்தான் திரும்பச் சுருக்கினனான். பெரிய ஃபைல், திறக்கப் பிந்தும். இப்பவும் படம் வடிவாத்தானே இருக்கு?"

"வடிவு பாக்கவா சேர் படம் எடுத்த? வெடிப்பு ஈக்கிண்டு நான் செல்லித்தானே தந்தேன்!"

"ஒரு கோட்டுக்கு ஏன் பிள்ளை இவ்வளவு சத்தம்?"

"அந்தக் கோட்டுக்குக் கீழ சனம் ஈக்கி சேர்!"

பதிலுக்கு அவள் நிற்கவில்லை. மூலப் படத்தை எடுத்துக்கொண்டு, பேச்சியம்மாவையும் முச்சக்கரவண்டியில் ஏற்றிக்கொண்டு, முடிவெடுத்த அதிகாரிகளிடம் போனாள். படம் மெதுவாகத் திறந்தது. ஒருவர் கொட்டாவி விட்டார். "பொறுத்துப் பாருங்க" என்றாள். கோடு வந்ததும் எல்லோரும் திரையை நோக்கிக் குனிந்தார்கள். திரும்பிப் போகச் சொன்ன உத்தரவை நிறுத்தினார்கள். பேச்சியம்மாவிடம் மன்னிப்புக் கேட்க மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை.

மலை இன்னும் சரியவில்லை. "பாரும், ஒண்டும் நடக்கேல்லையே" என்று திருச்செல்வம் சொல்லும்போதெல்லாம் அவளுக்குக் கொதிக்கும். பிணம் எடுத்தால்தான் வெடிப்பு உண்மையாகுமா? நிறுவனத்தின் இணையத்தளத்தில் அந்த மழுங்கிய படம்தான் இன்றும் இருக்கிறது, வேகமாகத் திறக்கிறதாம். அதன் மேல் தமிழிலும் சிங்களத்திலும் சிவப்பில் எழுதினாள்: 'சுருக்கிய படம். வெடிப்புகள் தெரியாது. இதை நம்பி முடிவெடுக்க வேண்டாம்.' பார்க்க அசிங்கம் என்று அவர் அழித்தார். மறுபடி எழுதினாள். மறுபடி அழித்தார்.

"இனி அழிச்சா நான் வேலைய விட்டுப் போவேன் சேர். ஏன் போனேன்டு எல்லார்ட்டயும் செல்லிட்டுத்தான் போவேன்."

சிவப்பு எழுத்து அங்கேயேதான் இருக்கிறது.