வேனைக் குளிப்பாட்டியவன்

எங்கள் தெருவில் என்னைவிட என் வேன்தான் அதிகம் குளித்தது. இது எதிர்வீட்டுக்காரர் சொன்னது. நான் மண்ணில் மல்லாந்து படுத்துக்கொண்டு சக்கரத்துக்கு மேலே இருக்கிற குடைவுக்குள் ஹோஸை விட்டுப் பீய்ச்சும்போது, அவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நிற்பார்.

"மாட்டக்கூட யாரும் இப்டி தேய்ச்சிப் பாத்ததில்லபா. எத்தினி லிட்டர் கறக்குது?"

"இன்னும் கன்னு போடலீங்க," என்பேன் அடியிலிருந்து.

சிரித்துவிட்டுப் போவார். நானும் சிரிப்பேன். மல்லாந்து படுத்துச் சிரித்தால் வாய்க்குள் சேறு விழும் என்பது அப்படிக் கற்றுக்கொண்டதுதான்.

வேன் வாங்கியது வியாபாரத்துக்கு இல்லை. என் மனைவிக்குச் சிறுநீரகம் இரண்டும் நின்றுபோயின. அரியூர்ப் பக்கம் இருக்கிற ஆஸ்பத்திரியில் ஒருநாள் விட்டு ஒருநாள் டயாலிசிஸ். நாங்கள் இருப்பது பாகூர் கொம்யூன் பஞ்சாயத்தில், கடலுக்குக் கிட்டத்துப் பக்கம். வேன் வருவதற்கு முன்னால், போகும்போது பஸ்ஸில் போய்விடுவாள். திரும்பும்போது துணியைப் பிழிந்து போட்டது மாதிரி இருப்பாள், பஸ்ஸில் உட்கார்ந்து வர முடியாது. பழைய வேன் ஒன்றைப் பிடித்து, நடு சீட்டைக் கழற்றிவிட்டு மெத்தை போட்டேன். வேன் ஓடினால் அவள் போவாள். வேன் நின்றால் என்கிற வாக்கியத்தை நான் ஒருநாளும் முடித்ததில்லை.

அபிஷேகப்பாக்கம் வழியாகத்தான் போக்குவரத்து. நடவுக் காலத்தில் டிராக்டர்கள் வயல் சேற்றை அப்படியே ரோட்டில் இழுத்துவிட்டுப் போகும். வீடு வருவதற்குள் நாலு சக்கரக் குடைவிலும் களி கிண்டி அப்பியது போல ஆகிவிடும். அவளைப் படுக்க வைத்துவிட்டு நேராக வேனுக்கு வருவேன். உள்ளே அவளுக்கு என்னால் செய்ய ஒன்றுமில்லை. அவள் ரத்தத்தை மெஷின் சுத்தம் செய்துவிட்டது, மிச்சமிருந்தது வேன்தான். குடைவு, வேனைத் தாங்குகிற சேஸ் சட்டம், ஸ்பிரிங் பட்டை மாட்டுகிற இரும்பு, எல்லாவற்றையும் வீட்டுப் போர்வெல் தண்ணீரில் அலசி, தார்ப்பாயைப் போட்டு இறுக்கிக் கட்டிவிட்டுத்தான் சாப்பிடப் போவேன்.

எங்கள் பக்கத்துப் போர்த் தண்ணீர் உப்பு. டீ போட்டால் பால் திரியும், பருப்பு ராத்திரி வரைக்கும் வேகாது. குழாய்த் தண்ணீர் வாய்க்கு, போர்த் தண்ணீர் மற்ற எல்லாவற்றுக்கும் என்பது ஊரில் எழுதாத சட்டம். இதில் நான் உரக்கடைக்காரன் வேறு. கடைக்கு வருகிற விவசாயியைச் சும்மா விடமாட்டேன். "இந்தத் தண்ணியப் பாய்ச்சினா பயிர் கருகிப்பூடும், ஜிப்சம் போடுபா" என்று தினம் ஒரு பிரசங்கம். சாயந்தரம் வந்து அதே தண்ணீரை வேனுக்குப் பாய்ச்சினேன். வேன் பயிர் இல்லையே!

அவளுக்குச் சாப்பாட்டில் உப்பு கிடையாது. தண்ணீர் ஒரு நாளைக்கு ஒரு சின்னச் செம்பு, குடித்தது வெளியேறாமல் உடம்பிலேயே நின்றுவிடும். உப்பு ஜாடியைக் கடைக்கே கொண்டுபோய் வைத்துவிட்டேன். அவள் வெந்த காயை வாயில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்ப்பாள். நானும் அவளுக்குத் துணையாக உப்பில்லாமல் சாப்பிட்டேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். கடைக்குப் பக்கத்தில் பஜ்ஜி போடுகிறவர் கேட்டால் சிரிப்பார்.

அன்று திரும்பி வருகிறபோது அபிஷேகப்பாக்கம் வயல்கள் தாண்டி ஒரு வேகத்தடை. மெதுவாகத்தான் ஏற்றினேன். பின்னால் 'மடக்'கென்று ஒரு சத்தம். வேன் ஒரு பக்கமாக உட்கார்ந்தது.

"இன்னாங்க அது?" என்றாள் மெத்தையிலிருந்து.

"ஒண்ணுமில்ல, வேனு சோம்பல் முறிக்குது."

அவள் சிரிக்கவில்லை. டயர் குடைவில் உரசி ரப்பர் கருகுகிற வாசனை வந்தது. ஆள் நடக்கிற வேகத்தில் உருட்டிக்கொண்டே கூட்டுரோட்டு வெல்டிங் பட்டறைக்குப் போய்ச் சேர்ந்தோம். என் வயது இருக்கும் அந்த வெல்டருக்கு. அவளைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் பிளாஸ்டிக் நாற்காலியை நிழலில் போட்டார். அவளைத் தாங்கி இறக்கி அதில் சாய்த்து உட்காரவைத்தேன். ஜாக்கியில் வேனைத் தூக்கி, சக்கரத்தைக் கழற்றினார்.

வெளியே பளபளவென்றுதான் இருந்தது. அவர் குடைவின் மேல் மடிப்புக்குள் விரலை விட்டு ஈரச் சேற்றைக் கொத்தாக இழுத்துப்போட்டார். இத்தனை குளியலிலும் ஹோஸ் எட்டாத ஒரு மூலை. பிறகு சுத்தியலால் சேஸைத் தட்டினார்.

"இரும்புன்னா டங்குனு சொல்லணும். இது டொப்புனு சொல்லுது, கேட்டீங்களா?"

ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்தினார். அப்பளத்துக்குள் போவது போல உள்ளே போய்விட்டது. பட்டையைத் தாங்குகிற இடத்தில் இரும்பு என்று ஒன்று இல்லை. பெயிண்டும் துருவும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நின்றிருக்கின்றன.

அவர் கீழே குனிந்து சேஸின் அடிப்பக்கத்தைத் தடவினார். "அண்ணா, இந்த ஓட்டையெல்லாம் யாரு அடைச்சது?"

"நான்தான். சேறு தண்ணி பூந்துடுமேன்னு பசை வச்சி அடைச்சேன்." கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

"பூந்த தண்ணி வெளிய போறதுக்குத்தாண்ணா கம்பெனிக்காரன் ஓட்டை போட்டுக் குடுக்கறான். நீங்க அதையும் அடைச்சி, மேல தார்ப்பாயும் போட்டு மூடினா? தண்ணி உள்ள பூரும், போவ வழியில்ல. உள்ளயே நின்னு நின்னு ஊறிப்போச்சி."

நாற்காலியிலிருந்து அவள் குரல் வந்தது. "வேனையும் என்ன மாதிரியே ஆக்கிட்டாரு."

வெல்டர் சுத்தியலைப் பார்த்துக்கொண்டார். நான் கழற்றிப்போட்ட சக்கரத்தை ஓரமாக உருட்டி வைத்தேன்.

குடைவின் விளிம்பில் வெள்ளையாக ஒரு கோடு படிந்திருந்தது. "சோப்புத் தூளா இருக்கும், வாரம் ஒருதரம் போடுவேன்," என்றேன் சமாளிப்பாக. அவள் எழுந்து, தூணைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அந்த வெள்ளையை விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள்.

"துப்புடி!" என்று கத்தினேன்.

அவள் துப்பவில்லை. கண்ணை மூடிச் சப்புக்கொட்டினாள். "உப்பு," என்றாள். "எனக்குத் தராம எல்லாத்தயும் இதுக்குப் போட்டுருக்கீங்க."

வெல்டர் வெட்ட ஆரம்பித்தார். துருப்பிடித்த இடத்தில் வெல்டிங் பிடிக்காது. நல்ல இரும்பு வருகிற வரைக்கும் வெட்டிக்கொண்டே போக வேண்டும். வெட்டுவார், தட்டுவார், டொப்பென்னும், இன்னும் கொஞ்சம் வெட்டுவார். இப்படியே போனால் கடைசியில் ஸ்டியரிங் மட்டும்தான் மிஞ்சும் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். சுத்தியல் விழுகிறபோதெல்லாம் அவள் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். நாளை மறுநாள் திரும்பவும் ஆஸ்பத்திரி.

ஒரு வழியாக டங்கென்றது. இன்னொரு பக்கம் பாதி டங், பாதி டொப். அவர் கனமான தகடு வைத்துச் சுற்றிப் பற்றவைத்தார். நான் அடைத்த ஓட்டைகளைக் குத்தித் திறந்தார். பழுப்பாகத் தண்ணீர் வடிந்தது. கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, காயவிட்டு, செம்மண் நிறத்தில் பிரைமர், அதற்கு மேல் தார் மாதிரிக் கறுப்பு ரப்பர் பெயிண்ட்.

"ஓடும்ணா. எத்தினி நாளுன்னு மட்டும் கேக்காதீங்க."

இதே வார்த்தையை ஆஸ்பத்திரியில் ஏற்கெனவே ஒருதரம் கேட்டிருந்தேன். அதனால் கேட்கவில்லை.

"சேறு பட்டா அன்னிக்கே கழுவிடுங்க. ஆனா போர்த் தண்ணி வாணாம். நல்ல தண்ணியில கழுவுங்க. தார்ப்பாயப் போட்டு மூடாதீங்க, காத்தாட நிறுத்துங்க."

நல்ல தண்ணீர் என்றால் கொம்யூன் குழாய். காலையில் கொஞ்ச நேரம்தான் வரும். மறுநாளே குடத்தோடு பெண்களுக்கு நடுவில் வரிசையில் நின்றேன்.

"இன்னாண்ணா, வூட்ல தண்ணி இல்லியா?"

"வேனுக்குமா."

"அய்ய! மனுசன் குடிக்கத் தண்ணி இல்ல, வேனுக்கு இஸ்துக்குனு போறாரு பாரு. வெக்கமா இல்ல?"

"இருக்குது. அதையும் சேத்துத்தான் தூக்கிக்குனு போறேன்," என்றேன். ஒருத்தி சிரித்தாள். ஒருத்தி குடத்தை என் முழங்காலில் இடித்துவிட்டு முன்னால் போனாள். அவள் செய்ததுதான் நியாயம்.

குடத்தை வேனுக்குப் பக்கத்தில் இறக்கி, பின்சக்கரக் குடைவுக்குள் மடிப்போரமாகச் செம்பால் ஊற்றினேன். திறந்துவிட்ட ஓட்டைகள் வழியாகத் தண்ணீர் தெளிவாகக் கீழே இறங்கி, மண்ணில் ஓடி, துணி காயப்போடுகிற கொடிக்கம்பம் வரைக்கும் போனது. என் மனைவி வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கான அவளுடைய செம்பு பக்கத்தில் இருந்தது, பாதிக்கு மேல் காலி. அப்போது காலை டிபன்கூட ஆகவில்லை. உதட்டை நாக்கால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் கொஞ்சம் நகர்ந்து, என் முதுகு அவளுக்கும் தண்ணீருக்கும் நடுவில் வருகிற மாதிரி உட்கார்ந்துகொண்டேன். உடம்பு பெரிது, வேறு எதற்குப் பயன்படும்?

"இன்னாத்துக்கு மறைக்கிறீங்க?" என்றாள்.

"ஒண்ணுமில்ல, வெயிலு."

"வெயிலு அந்தாண்ட இருக்குது."

செம்பைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தேன். குடத்தில் இன்னும் பாதி இருந்தது.

"ஊத்துங்க. அது ஓடினாத்தான நாளைக்குப் போவ முடியும்," என்றாள். "தள்ளி உக்காந்து ஊத்துங்க. பாக்கவாவது பாக்கறேன்."

தள்ளி உட்கார்ந்து ஊற்றினேன்.